பிறை காண்டலும் பெருநாள் துணிதலும்

இஸ்லாமியப் பெருநாள்கள் இன்ன நாளில் வரும் என்று முன்னரே அறுதியிட்டுக் கூறுதல் அரிது. நாட்காட்டியில் நோன்புப் பெருநாளுக்கெனக் குறிக்கப்பெறும் விடுமுறை, பிறை தோன்றுவதைப் பொறுத்து ஒரு நாள் முன்னாகவோ பின்னாகவோ மாறுதல் உண்டு. ஒரே ஊரில் ஒரு சாரார் பெருநாள் தொழுகையை முடித்துவிட, மற்றொரு சாரார் நோன்பு நோற்றிருத்தலும் சிற்சில ஆண்டுகளில் நிகழ்கின்றது. இதனைக் காண்போர், வானநூல் இத்துணை வளர்ந்த பின்னும் பழைய வழக்கை விடாமையே இப்பிணக்கிற்குக் காரணம் என எளிதிற் கூறிவிடுவர். அங்ஙனம் கூறுதல் பொருந்துமா என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறை பற்றிய கருத்து வேற்றுமைகள் அனைத்தும் மூன்று வினாக்களுள் அடங்கும். புதுத்திங்கள் தொடங்கிற்று என்பதை எதனால் அறிவது என்பது முதல் வினா. ஓரிடத்தில் காணப்பட்ட பிறை எவ்வளவு தொலைவில் உள்ளாரைக் கட்டுப்படுத்தும் என்பது இரண்டாவது வினா. அதனைத் துணிந்து அறிவிக்கும் உரிமை யாருக்கு உரியது என்பது மூன்றாவது வினா. கண்ணா, கணக்கா என்னும் முதல் வினாவே பெரிதும் பேசப்படுகின்றது. ஆயின், வரலாற்றை உற்று நோக்குமிடத்து, ஏனை இரண்டுமே பிணக்கின் வேராய் இருத்தல் புலனாகும்.

இப்பிணக்கினை வெறும் நாட்கணக்குப் பற்றியது என இகழ்தல் தகாது. ரமலான் திங்கள் முழுவதும் நோன்பு நோற்றல் கடமை. தொடக்கத்தில் ஒரு நாள் விடுபடின், அது பின்னர் ஈடு செய்தற்குரிய கடனாக நிற்கும். பெருநாளன்று நோன்பு நோற்றலோ விலக்கப்பட்டது. ஆகவே, ஒரு நாள் முந்தினும் குறை. ஒரு நாள் பிந்தினும் குறை. சமயப்பற்றுடைய எளிய மகன் ஒருவனுக்கு, 'நாளை யான் உண்ணலாமா, உண்ணலாகாதா?' என்பது அன்றிரவே விடை காண வேண்டிய வினாவாகும்.

1. யாண்டும் திங்களும்

தமிழில் 'திங்கள்' என்னும் சொல் நிலவையும் மாதத்தையும் ஒருங்கே குறிக்கின்றது. பிறை தொழும் வழக்கம் பண்டைத் தமிழரிடையே இருந்தமை குறுந்தொகை முதலிய சங்க நூல்களால் அறியப்படும். எனினும், இன்று தமிழ்நாட்டில் வழங்கும் சித்திரை முதலிய மாதங்கள் ஞாயிற்றின் இயக்கத்தைத் தழுவியவை. தெலுங்கரும் கன்னடரும் கொண்ட மாதங்கள் நிலவைத் தழுவியவை. ஆயினும், நிலவு ஆண்டு ஞாயிற்று ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைவாதலின், அவர்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 'அதிக மாதம்' ஒன்றைச் சேர்த்து இரண்டனையும் இயைவிப்பர்.

இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபியரிடையே 'நஸீஉ' என்னும் வழக்கம் ஒன்று இருந்தது. இஃது அதிக மாதம் சேர்ப்பதே என்பர் ஒரு சாரார். போர் விலக்கப்பட்ட புனிதத் திங்களை இடம் மாற்றி வைத்தலே என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், அதனைச் செய்யும் உரிமை ஒரு குடியினரிடம் இருந்தது என்பதும், ஆண்டின் ஒழுங்கு அவர்தம் வாய்ச்சொல்லைப் பொறுத்து நின்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை. திருக்குர்ஆனின் 9 ஆம் அதிகாரம் ஆண்டிற்குத் திங்கள் பன்னிரண்டே என வரையறுத்து, நஸீஉ வழக்கத்தைக் கடிந்து விலக்கியது. கி.பி. 632 இல் நிகழ்ந்த இறுதி ஹஜ்ஜின்போது நபிகள் நாயகம் அவர்கள் ஆற்றிய பேருரையும் இதனை உறுதி செய்தது.

இவ்விலக்கால் விளைந்த பயன் இரண்டு. ஒன்று, இஸ்லாமியப் பெருநாள்கள் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களிலும் சுழன்று வரலாயின. மற்றொன்று, நாளைத் திரித்து வைக்கும் உரிமை ஒரு குடியினர் கையிலிருந்து நீங்கியது. வானத்துப் பிறை, கற்றார்க்கும் கல்லார்க்கும் பொதுவாகிய சான்றாயிற்று. பின்னாளில் இரண்டாம் கலீபா உமர் அவர்கள் காலத்தில், ஹிஜ்ரி 17 ஆம் ஆண்டளவில், நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனா நகருக்குப் பெயர்ந்த ஆண்டை முதலாகக் கொண்டு ஆண்டெண் வழங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டின் முஹர்ரம் முதல் நாள் கி.பி. 622 சூலை 16 எனக் கணக்கிடுவர்.

2. பிறை தோன்றும் இயல்பு

ஞாயிறும் நிலவும் நிலவுலகிலிருந்து நோக்க ஒரே திசையில் ஒருங்கு நிற்கும் கணமே அமாவாசை. ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம் செல்லும். நிலவின் வேகம் ஒரு படித்தாக இன்மையின், இவ்விடைவெளி 29 நாள் 6 மணி அளவிலிருந்து 29 நாள் 20 மணி அளவு வரை வேறுபடும். இதனால் ஒரு திங்களுக்கு 29 நாளோ 30 நாளோ அமைகின்றன.

அமாவாசைக் கணத்தை இன்றைய வானநூலார் நொடிப்பொழுதும் பிழையாமற் கணக்கிடுவர். ஆயின், அமாவாசை வேறு; பிறை வேறு. அமாவாசை உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. பிறையோ, அக்கணத்திற்குப் பின் நிலவு ஞாயிற்றை விட்டு ஓரளவு விலகி, ஞாயிறு மறைந்தபின் அடிவானத்தின்மேற் சிறிது நேரம் நின்றாலன்றிக் கண்ணுக்குப் புலனாகாது. நிலவு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 12 பாகை விலகும். அவ்விலகல் 7 பாகைக்குக் குறைவாயின் பிறை ஒளியே தோன்றாது எனப் பிரெஞ்சு வானநூலறிஞர் டான்ஜோன் 1930களில் நிறுவ முயன்றார். அவ்வெல்லை பின்னர்ச் சிறிது திருத்தப்பட்டதாயினும், அத்தகைய எல்லை ஒன்று உண்டென்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

இதனால் ஓர் உண்மை போதரும். கிழக்கே ஞாயிறு மறையும்போது இளையதாய் நின்ற நிலவு, மேற்கே செல்லச் செல்ல முதிர்கின்றது. ஆகவே ஒரே மாலையில் தென்னிந்தியாவில் தோன்றாத பிறை ஆப்பிரிக்காவிலோ அமெரிக்காவிலோ தோன்றுதல் இயல்பு. அன்றியும், ஒரு மாலையிற் பிறை தோன்றும் நிலப்பரப்பின் எல்லை திங்கள்தோறும் இடம் மாறும். உலகம் முழுவதற்கும் ஒரே மாலையில் தலைப்பிறை என்பது இயற்கையில் அமையாத ஒன்று. இரண்டாவது வினாவின் தோற்றுவாய் இதுவே.

3. சான்று பற்றிய விதிகள்

பிறை கண்டு நோன்பு தொடங்குக, பிறை கண்டு நோன்பை முடிக்க, மேகம் மறைப்பின் முப்பது நாளை நிறைவு செய்க என்பது நபிமொழிகளின் திரண்ட பொருள். கண்ணாற் காண்டல் என்பது கருவியோ கல்வியோ வேண்டாத ஒரு செயல். எனினும், ஊரார் அனைவரும் பிறையைக் காணார்; ஒருவர் அல்லது சிலரே காண்பர். ஏனையோர் அவர் சொல்லை ஏற்க வேண்டும். இவ்விடத்துக் காட்சி சான்றாக மாறுகின்றது. சான்று என்றவுடன் அதனை ஆராய்ந்து கொள்வதற்கு ஒரு நடுவர் வேண்டப்படுகின்றார்.

சட்ட அறிஞர்கள் இதற்கு நுண்ணிய விதிகளை வகுத்தனர். ரமலான் தொடக்கத்திற்கு நம்பத்தக்க ஒருவர் சான்று போதும் என்பது ஷாபிஈ சட்ட நெறியில் வலுவாகக் கொள்ளப்பட்ட கருத்து; திங்கள் முடிவிற்கு, அதாவது நோன்பை விடுதற்கு, இருவர் சான்று வேண்டும். வானம் தெளிவாய் இருக்கும்போது ஒருவர் இருவர் சொல் போதாது, பலர் கண்டிருத்தல் வேண்டும் என்பது ஹனபி நெறி. தெளிந்த வானத்திற் பிறை இருந்திருப்பின் பலர் கண்ணுக்கும் பட்டிருக்குமன்றோ என்பது அவர் கருத்து. நோன்பைத் தொடங்குதற்கு எளிய சான்றும், அதனை விடுதற்கு வலிய சான்றும் கேட்டமை, கடமையைக் காத்தல் என்னும் ஒரே நோக்கிற் பிறந்தது என்க.

4. குரைபு கொணர்ந்த செய்தி

இரண்டாவது வினாவிற்கு மூலமாய் அமைந்த நிகழ்ச்சி ஒன்றை இமாம் முஸ்லிம் தம் நபிமொழித் தொகுப்பிற் பதிந்துள்ளார். குரைபு என்பார் ஓர் அலுவலின் பொருட்டு மதீனாவிலிருந்து சிரியா நாட்டிற்கு முஆவியாவிடம் அனுப்பப்பட்டார். அவர் ஆங்கிருந்தபோது வெள்ளி இரவில் ரமலான் பிறை காணப்பட்டது. இஸ்லாமிய வழக்கில் இரவு பகலுக்கு முற்பட்டதாதலின், வெள்ளி இரவு என்பது நாம் வியாழன் மாலை என்று கூறும் பொழுதாகும். திங்கள் இறுதியில் அவர் மதீனாவிற்கு மீண்டார். நபிகள் நாயகத்தின் தோழரும் உறவினருமாகிய இப்னு அப்பாஸ் பிறை பற்றி வினவினார். சிரியாவிற் கண்ட நாளைக் குரைபு கூறினார். தாங்கள் சனி இரவிலேயே கண்டதாகவும், முப்பது நாள் நிறையும்வரை அல்லது பிறை காணும்வரை நோன்பைத் தொடரப் போவதாகவும் இப்னு அப்பாஸ் விடையிறுத்தார். முஆவியா கண்டதும் நோற்றதும் போதாவா எனக் குரைபு கேட்டபோது, போதா, நபிகள் நாயகம் எமக்கு இவ்வாறே பணித்தார் என்றார்.

'இவ்வாறே' என்பது எதனைச் சுட்டுகின்றது? இச்சுட்டின் பொருள் பற்றியே பிற்காலச் சட்ட நெறிகள் பிரிந்தன. தொலைவிலுள்ள ஊரின் பிறை நம்மைக் கட்டுப்படுத்தாது என்பதே இதன் பொருள் எனக் கொண்டனர் ஷாபிஈ நெறியார். குரைபு ஒருவரே சான்று கூறினார், திங்கள் முடிவிற்கு ஒருவர் சான்று போதாது என்பதாலேயே இப்னு அப்பாஸ் அதனை ஏற்கவில்லை எனக் கொண்டாரும் உளர். ஓரிடத்துப் பிறை எல்லா நாட்டாரையும் கட்டுப்படுத்தும் என்பதே ஹனபி, மாலிகி, ஹன்பலி நெறிகளில் பெரும்பான்மைக் கருத்தாய் நின்றது. ஷாபிஈ நெறியாருள்ளும் தொலைவை அளக்கும் முறையில் வேற்றுமை உண்டு. பயணத்தில் தொழுகையைச் சுருக்குதற்குரிய தொலைவே எல்லை என்றார் இமாம் ராபிஈ. பிறை தோன்றும் அடிவானம் வேறுபடுதலே எல்லை என்றார் இமாம் நவவி.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க மற்றொரு நிகழ்ச்சி அபூ தாவூது தொகுப்பில் உள்ளது. ஊர்திகளில் வந்த சிலர் நபிகள் நாயகத்திடம், நேற்று மாலை தாம் பிறை கண்டதாகச் சான்று கூறினர். உடனே மக்கள் நோன்பை விடுமாறும், மறுநாட் காலையில் பெருநாள் தொழுகைக்கு வருமாறும் பணிக்கப்பட்டனர். வெளியிலிருந்து வந்தார் சொல் இங்கே ஏற்கப்பட்டது. குரைபின் சொல் ஆங்கு ஏற்கப்படவில்லை.

இரண்டனையும் அருகருகே வைத்து நோக்கின் ஒன்று தோன்றுகின்றது. ஊர்தியில் வந்தார் செய்தி ஒரு பகற்பொழுதிற்குள் வந்தது. குரைபின் செய்தியோ திங்கள் முடியும் தறுவாயில் வந்தது. பழங்காலத்தில் நிலத்தின் தொலைவும் செய்தியின் தொலைவும் ஒன்றே. ஓரிரவிற்குள் செய்தி எட்டும் எல்லையே நடைமுறையில் ஒரு பிறையின் எல்லையாய் இருந்தது. ஒரு பிறை உலகம் முழுமைக்கும் போதும் என்று கூறிய நெறியாரும், அச்செய்தி வந்து சேராத இடத்தில் தத்தம் ஊர்ப் பிறையையே கொண்டனர். ஆகவே, கொள்கையளவில் இருந்த வேற்றுமை பல நூற்றாண்டுகள் பிணக்காக முற்றாதிருந்தது.

5. கணக்கு முறையின் வரலாறு

இஸ்லாமிய அறிஞர் கணக்கறியாமையாற் கண்ணை நம்பினர் என்பது வரலாற்றிற்கு மாறானது. 9 ஆம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி பிறை தோன்றும் நிலையைக் கணிக்க அட்டவணை அமைத்தார். கி.பி. 929 இல் மறைந்த அல்பத்தானியும் இதனை விரிவாக ஆராய்ந்தார். பெரிய பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் கணிக்கும் வானநூலார் பணிபுரிந்தனர். 14 ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த வானநூலாருள் ஒருவராகிய இப்னு ஷாத்திர், திமிஷ்கு நகரப் பெரும் பள்ளியில் இப்பணியை ஆற்றியவரே.

தொழுகை நேரத்திற்குக் கணக்கை ஏற்றோர் நோன்பிற்கு ஏன் ஏற்கவில்லை? 1285 இல் மறைந்த மாலிகி அறிஞர் கராபி இதற்குத் தெளிவான விளக்கம் தந்தார். ஞாயிறு சாய்தல், மறைதல் ஆகியவையே தொழுகைக் கடமைக்குக் காரணம். அவற்றை எவ்வழியால் அறியினும் அமையும். நோன்பிற்கோ, நிலவு ஞாயிற்றை விட்டு விலகுதல் காரணமாகக் கூறப்படவில்லை. பிறை காண்டலே காரணமாகக் கூறப்பட்டது. ஆகவே காணாதபோது கடமை தோன்றவில்லை என்பது அவர் வாதம். இது வானநூலை மறுக்கும் வாதம் அன்று. சட்டச் சொல்லின் பொருளை வரையறுக்கும் வாதம்.

கணக்கு முறையை முழுவதும் மேற்கொண்டவர்கள் ஃபாத்திமியரும் அவர் வழிவந்த இஸ்மாயிலிகளும் ஆவர். இவர்கள் முறையில் திங்கள்கள் 30, 29 என மாறி மாறி வரும். 30 ஆண்டுகள் கொண்ட ஒரு சுழற்சியில் 11 ஆண்டுகளின் இறுதியில் ஒரு நாள் கூட்டப்படும். இவ்வாறு 30 ஆண்டிற்கு 10,631 நாள்கள் அமையும். ஒன்பதாம் திங்களாகிய ரமலான் எப்போதும் 30 நாளே பெறும். போரா வகுப்பினர் இம்முறையை இன்றும் பின்பற்றுகின்றனர். அவர்களுக்குப் பெருநாள் ஐயம் எழுவதில்லை. ஆயின், நிலவின் சராசரி இயக்கத்தை மட்டும் தழுவிய இம்முறை வானத்துப் பிறையோடு எப்போதும் இயையாது என்பதைக் கி.பி. 1000 அளவில் எழுதிய தம் காலக்கணிப்பு நூலில் அல்பீரூனி எடுத்துக்காட்டினார்.

இவ்விரு முனைகட்கும் இடைப்பட்ட வழியொன்றைக் கண்டவர், 1355 இல் மறைந்த ஷாபிஈ அறிஞர் தகியுத்தீன் சுபுகீ. பிறை தோன்றுதல் இயலாது எனக் கணக்கு உறுதியாகக் காட்டும்போது, கண்டேன் என்பார் சான்றைத் தள்ள வேண்டும் என அவர் கூறினார். சான்று ஐயத்திற்கு இடமானது, கணக்கு உறுதியானது என்பது அவர் கருத்து. கணக்கு இங்கே காட்சிக்கு மாற்றாக நில்லாமல், பொய்ச்சான்றைத் தடுக்கும் காவலாக நிற்கின்றது. அவருக்குச் சற்று முற்பட்ட இப்னு தைமிய்யா (மறைவு 1328), நோன்பு, ஹஜ்ஜு முதலியவற்றிற்குக் கணக்கைக் கொள்ளுதல் அறவே தகாது என மறுத்தவர். இவ்விரு குரல்களும் இன்றுவரை எதிரொலிக்கின்றன.

6. தந்தியும் வானொலியும்

19 ஆம் நூற்றாண்டில் தந்தி வந்தபோது பழைய நிலை குலைந்தது. குரைபு ஒரு திங்கள் கழித்துக் கொணர்ந்த செய்தி இப்போது சில நிமிடங்களில் வந்துவிடும். ஏட்டளவில் இருந்த 'ஒரு பிறை, ஓர் உலகம்' என்னும் கொள்கை நடைமுறை வினாவாயிற்று. தந்திவழி வந்த பிறைச் செய்தியை ஏற்கலாமா என்பது பற்றி நூல்கள் எழுந்தன. திமிஷ்கு நகர அறிஞர் ஜமாலுத்தீன் காசிமியும், பின்னர் எகிப்தின் முப்தியாய் விளங்கிய முஹம்மது பகீத் அவர்களும் 1911 அளவில் இதனை ஆராய்ந்து நூல் வரைந்தனர்.

தந்தியை மறுத்தவர் வாதம் ஈண்டுக் கருதத்தக்கது. சான்று கூறுவோர் நடுவர் முன் நிற்றல் வேண்டும். அவர் ஒழுக்கமும் நம்பகமும் ஆராயப்படல் வேண்டும். தந்தியிலோ முகமும் இல்லை, குரலும் இல்லை. இடையில் நிற்பவன் யாரெனவும் தெரியாது. ஏற்றவர் வாதம் வேறு. தந்தி சான்று அன்று, செய்தியே. வணிகத்திலும் அரசியலிலும் நாம் நம்பும் செய்தியை இதில் மட்டும் நம்பாமை ஏன் என அவர் வினவினர். வானொலி வந்தபின் இவ்வேறுபாடு மேலும் தெளிவு பெற்றது. ஒருவர் தாம் கண்டதை வானொலியிற் கூறுதல் சான்றாகாது. ஆயின், உரிமையுடைய நடுவர் ஒருவர் சான்றுகளை நேரில் ஆராய்ந்து துணிந்த முடிவை வானொலி அறிவிக்குமாயின், அது தீர்ப்பின் அறிவிப்பாகும்; அவர் ஆட்சி எல்லைக்குள் அது செல்லும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

இவ்விடத்து ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தமை காண்க. ஓரிரவிற் செய்தி எட்டும் தொலைவே பிறையின் எல்லையாய் இருந்த நிலை மாறி, நடுவரின் ஆட்சி எல்லையே பிறையின் எல்லையாயிற்று. 20 ஆம் நூற்றாண்டில் அவ்வாட்சி எல்லை பெரும்பாலும் நாட்டெல்லையோடு ஒன்றுபட்டது.

7. அரசுகளும் அளவைகளும்

அரசு அறிவித்தால் மட்டும் நாள் உறுதிப்படுமா? பாகிஸ்தானில் 1967 சனவரியில் அயூப்கான் அரசு அறிவித்த பெருநாளைச் சான்று போதாது என உலமாக்கள் சிலர் ஏற்க மறுத்தனர். மௌதூதி உள்ளிட்டோர் அதன் பொருட்டுச் சிறைப்பட்டனர். 1974 இல் உலமாக்களைக் கொண்ட பிறைக்குழு ஒன்று அங்கு நாடளவில் அமைக்கப்பட்டது. எனினும் வடமேற்கு மாநிலத்தில் பெசாவர் நகரத்தார் வேறு நாள் கொள்ளுதல் பன்முறை நிகழ்ந்தது. ஆணை மட்டும் நம்பிக்கையைப் பிறப்பிக்காது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

சவூதி அரேபியாவில் அலுவல்களுக்கு உம்முல் குரா என்னும் கணக்கு நாட்காட்டி உண்டு. நோன்பிற்கும் பெருநாளுக்கும் உச்ச நீதிமன்றம் காட்சிச் சான்றைக் கேட்டுத் தீர்ப்பு வழங்குகின்றது. 1984 இல் (ஹிஜ்ரி 1404) ரமலானின் 28 நோன்பு முடிந்த நிலையிலேயே அடுத்த பிறை துணியப்பட்டமையின், தொடக்கத்தில் விடுபட்ட ஒரு நாளுக்கு ஈடு செய்யுமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். பிழை நேரினும் அதனைத் திருத்தும் வழியைச் சட்டமே வகுத்திருந்தது என்பது இதனாற் புலனாகும்.

இனிக் கணக்கைக் கொண்டார் நிலையை நோக்குவோம். 1939 இல் எகிப்திய நீதிபதியும் நபிமொழி அறிஞருமாகிய அகமது ஷாகிர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். தாம் எழுத்தும் கணக்கும் அறியாத மக்கள் என நபிகள் நாயகம் கூறியதே கண்ணாற் காண்டலுக்குக் காரணம். அக்காரணம் நீங்கியபின் கணக்கையே கொள்ளல் வேண்டும் என வாதிட்டார். அவ்வளவோடு அவர் நிற்க இயலவில்லை. எவ்விடத்து அடிவானத்திற்குக் கணக்கிடுவது என்னும் வினா உடனே எழுந்தது. மக்காவே நடுவிடம் என அவர் விடை கூறினார்.

1978 இல் இஸ்தான்புல் மாநாட்டில் மற்றொரு விடை காணப்பட்டது. நிலவின் விலகல் 8 பாகையும், ஞாயிறு மறையும்போது அதன் உயரம் 5 பாகையும் உலகில் எங்கேனும் ஓரிடத்தில் அமையுமாயின் திங்கள் தொடங்கும் என்பது அது. வட அமெரிக்கச் சட்ட அறிஞர் குழு 2006 இல் கணக்கை மேற்கொண்டபோது கிரீன்விச் நேரத்தை அளவையாக்கிற்று. அடுத்த ஆண்டே மக்காவின் அடிவானத்திற்கு மாறிற்று. மலேசியா, இந்தோனேசியா, புரூணை, சிங்கப்பூர் ஆகிய நான்கு நாடுகளும் உயரம் 2 பாகை, விலகல் 3 பாகை எனப் பல்லாண்டு கொண்டிருந்த அளவையை, 2021-22 அளவில் முறையே 3 பாகை, 6.4 பாகை என உயர்த்தின.

இந்தோனேசியாவில் நிகழ்ந்தது நம் ஆராய்ச்சிக்குச் சிறந்த சான்று. 1912 இல் தோன்றிய முகம்மதியா இயக்கம், அமாவாசைக்குப் பின் ஞாயிறு மறையும்போது நிலவு அடிவானத்தின்மேல் எவ்வளவு சிறிது நிற்பினும் போதும் எனக் கணக்கிட்டு வந்தது. அரசோ 2 பாகை உயரம் வேண்டும் என்றது. 2011 ஆகஸ்டு 29 மாலையில் நிலவின் உயரம் 2 பாகைக்குக் குறைவாகவே இருந்தது. முகம்மதியா இயக்கத்தார் 30 ஆம் நாள் பெருநாள் கொண்டாடினர். அரசு 31 ஆம் நாள் என அறிவித்தது. அன்று நிலவு நின்ற இடம் பற்றி இரு சாராரிடையேயும் வேற்றுமை இல்லை, கணக்கும் ஒன்றே. எவ்வளவு உயரம் போதும் என்பதில்தான் வேற்றுமை. அதனைக் கணக்கு துணியாது; மக்களே துணிதல் வேண்டும்.

8. தமிழகமும் இலங்கையும்

தமிழ் முஸ்லிம்களின் பேச்சு வழக்கில் தலைப்பிறை என்னும் சொல் புதுத்திங்களின் தொடக்கத்தைக் குறிக்கும். ரமலான் பிறை 27, முஹர்ரம் பிறை 10 எனத் தேதியையே பிறை என்னும் சொல்லாற் குறிப்பர். பிறை என்பது இளநிலவின் பெயராக நின்ற நிலை விரிந்து, முழுநிலாக் கழிந்த பின்னுள்ள நாளுக்கும் பெயராயிற்று. காட்சியைக் குறித்த சொல் எண்ணிக்கையைக் குறித்தமை, காட்சியே கணக்கிற்கு முதலாய் நின்ற வாழ்க்கை முறையைக் காட்டும்.

கடற்கரை ஊர்களில் ஷாபிஈ நெறியும், உள்நாட்டில் ஹனபி நெறியும் பெரிதும் வழங்குதலின், குரைபின் செய்தி பற்றிய இருவேறு கொள்கைகளும் தமிழகத்தில் அருகருகே வாழ்கின்றன. சான்றைக் கேட்கும் நடுவர் காஜி ஆவர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1864 ஆம் ஆண்டுச் சட்டம் காஜிகளை அரசு நியமிக்கும் முறையை நீக்கிற்று. அதனால் நேர்ந்த இடர்ப்பாட்டைத் தீர்க்க 1880 இல் காஜிகள் சட்டம் இயற்றப்பட்டது. அது முதற்கண் சென்னை மாகாணத்திற்கே உரியதாய் இருந்தது. ஓரிடத்து முஸ்லிம்கள் விரும்பினால் அரசு காஜியை நியமிக்கலாம் என்ற அச்சட்டம், அவருக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதனையும் தரவில்லை. ஆகவே, தமிழ்நாட்டுத் தலைமைக் காஜியின் பிறை அறிவிப்பு அரசு விடுமுறைக்கு ஆதாரமாகக் கொள்ளப்படினும், அதன் சமய ஆற்றல் மக்களின் ஒப்புதலைச் சார்ந்தே நிற்கின்றது. சவூதி அறிவிப்பைக் கொள்வாரும், உலகிற்கு ஒரே கணக்கைக் கொள்வாரும், தத்தம் பகுதிப் பிறையையே கொள்வாரும் தனித்தனியே நாள் கொள்ளுதற்கு இந்நிலையே இடந்தருகின்றது.

இலங்கையில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் உலமா சபையினரும் முஸ்லிம் சமயத் திணைக்களத்தாரும் கூடிப் பிறைச் சான்றுகளை ஆராய்ந்து நாட்டிற்கு அறிவிக்கின்றனர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் 30 கிலோமீட்டர் அளவினதே. இரு கரைக்கும் அடிவானம் ஒன்றே. எனினும் இக்கரைச் சான்று அக்கரையில் இயல்பாகச் செல்லாது. ஆனால் ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தில்லிச் செய்தி இக்கரைக்கு உரியதாகக் கருதப்படலாம். இமாம் நவவி கூறிய அடிவான எல்லையைவிட அரசியல் எல்லை வலிதாய் நிற்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. ஹஜ்ஜுத் திங்களின் 9 ஆம் நாள் அரபா வெளியில் ஹாஜிகள் கூடுவர், மறுநாள் பெருநாள். பாய்க்கப்பல் காலத்தில், மக்காவில் அந்நாள் எதுவெனப் பெருநாளுக்கு முன் அறிதல் தமிழகத்தார்க்கு இயலாது; தம் ஊர்ப் பிறையே அவர்க்கு ஆண்டின் அளவுகோல். இன்றோ அரபா வெளிக்கூட்டத்தை வீட்டிலிருந்தே காண்கின்றனர். கண்முன் அரபா நாள் நிகழும்போது தம் ஊர்ப் பிறை 8 எனக் கொள்வது எங்ஙனம் என ஒரு சாரார் வினவுவர். தொழுகை நேரம் ஊருக்கு ஊர் வேறுபடுவதுபோல் பிறையும் வேறுபடும், காட்சியின் அண்மை கடமையை மாற்றாது என மறு சாரார் விடையிறுப்பர். இரண்டும் பழைய நெறிகளில் வேர் உடையனவே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன சில. பிறை பற்றிய பிணக்கு அறிவியலுக்கும் சமயத்திற்கும் இடையே எழுந்ததன்று. கணக்கறிந்த வானநூலார் இஸ்லாமிய உலகில் தொடக்கக் காலந்தொட்டே இருந்தனர். அவர்தம் கணக்கிற்குச் சட்டம் எவ்விடம் தருவது என்பதே வினாவாயிற்று. செய்தி மெல்லச் சென்ற காலத்தில் ஊரே எல்லையாய் இருந்தது. தந்தியும் வானொலியும் வந்தபின் நாடே எல்லையாயிற்று. கணக்கைக் கொள்வார்க்கும் எவ்வடிவானம், எத்துணைப் பாகை, யார் அறிவிப்பு என்னும் வினாக்கள் நீங்காமல் நிற்கின்றன. இப்னு அப்பாஸ் குரைபிற்கு அளித்த விடையின் பொருள் யாது என்பதே இன்றும் வேறு வடிவில் ஆராயப்படுகின்றது.

ஆகவே, கருவிகளைப் பெருக்குவதால் மட்டும் ஒருமைப்பாடு விளையும் எனக் கருதுதல் பொருந்தாது. ஒரு சமுதாயம் யாருடைய சொல்லை, எவ்வெல்லைக்குள், எச்சான்றின்மேல் ஏற்பது எனத் தன்னுள் உடன்படும்போதே ஒரு நாள் எல்லார்க்கும் பெருநாளாகின்றது. அவ்வுடன்பாடு இல்லாதபோது, ஐயந்திரிபறக் கணிக்கப்பட்ட நிலவும் இரு பெருநாள்களைத் தரும். அஃது உள்ளபோது, மேகம் மறைத்த வானமும் முப்பது நாளை நிறைவு செய்து ஒரு பெருநாளைத் தரும்.